மஞ்சள் முக்கோணம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வடிவமைப்புக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். மூன்று மாதங்களாகத் தாளை மடிக்கிறோம், கறுப்புச் சதுரங்களை வெட்டி ஒட்டுகிறோம், முக்கோணத்துக்கு மஞ்சள் பூசுகிறோம். ஏன் என்று கேட்டால் "இதுதான் அடிப்படை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் ஒரு பள்ளியில் நடந்த பயிற்சிகளாம் இவை. நன்றாகப் படம் வரைவேன் என்பதால்தான் இங்கே சேர்ந்தேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. நவீனத்துவம் முடிந்துவிட்டது என்கிறார்கள். இந்தப் பாடம் மட்டும் ஏன் முடியவில்லை?

ச.

அன்புள்ள ச.,

அந்தப் பயிற்சிகளில் பாதிக்கு மேல் இன்றும் பலிக்கின்றன, அதனால்தான்.

ஒரே சாம்பல் நிறத் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின்மேல் இருப்பது வெளிறித் தெரியும், வெள்ளையின்மேல் இருப்பது அடர்ந்து தெரியும். வெட்டியவர் நீங்களே, இருந்தும் கண் ஒப்புக்கொள்ளாது. நீங்கள் சொல்லும் அந்த ஜெர்மன் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான யோசப் ஆல்பர்ஸ் பல்லாண்டுகள் மாணவர்களுக்குக் காட்டியது இந்த வகை வியப்பைத்தான். பழகிய கையை ஓரமாக உட்காரவைத்துவிட்டுக் கண்ணிடம் வேலை வாங்குகிறார்கள். நன்றாக வரைபவருக்கு இது கொஞ்சம் அவமானம்தான். ஆனாலும் இந்த விஷயத்தில் நான் உங்கள் ஆசிரியர்கள் பக்கம்.

எனக்கு எரிச்சல் தருவது அந்த "இதுதான் அடிப்படை".

கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸ் 1919இல் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ்தான் அந்தப் பள்ளி. அது நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் மூடப்பட்டது. பதினான்கே ஆண்டுகள். போரில் தோற்ற நாடு, கையில் காசில்லாத மாணவர்கள். ஆல்பர்ஸ் அங்கே மாணவராக இருந்தபோது வண்ணம் வாங்க வழியின்றி, முதுகுப்பையும் சுத்தியலுமாக ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த கண்ணாடி பொறுக்கிவந்து அதில் படம் செய்தார். ஆசிரியரான பிறகு ஒருநாள் வகுப்பில் செய்தித்தாள்களைக் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வந்தால் கோட்டை, விமானம் என்று ஏதேதோ. அவருக்குப் பிடித்ததோ, ஒருவர் நீளவாக்கில் மடித்து நிறுத்திவைத்திருந்த வெறும் தாள். கோட்டையைக் கல்லிலும் கட்டலாம். துவளும் தாள் ஒரே மடிப்பில் எழுந்து நிற்பது தாளால் மட்டுமே ஆகிற காரியம்.

இந்தக் கதையைச் சொல்லாமல் தாளை மட்டும் மடிக்கச் சொன்னால் சலிப்புத்தானே வரும்? இன்று அதே பயிற்சிக்கு எந்தப் பருமனில் என்ன தாள் வாங்க வேண்டும் என்று பட்டியல் கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. செய்தித்தாளோடு போனால் ஆல்பர்ஸையே வெளியே நிற்கவைப்பார்கள்.

பள்ளியை மூடியதுதான் அதைப் பரப்பியது. ஆல்பர்ஸ் 1933இல் அமெரிக்காவின் பிளாக் மவுன்டன் கல்லூரிக்குப் போனார். 1937இல் இன்னொரு ஆசிரியரான மொஹோய்-நாகி சிகாகோவுக்கும் குரோபியஸ் ஹார்வர்டுக்கும் போனார்கள். பயிற்சிகளும் கூடவே போயின. குப்பைமேடும் பட்டறைச் சண்டைகளும் போகவில்லை. பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே தள்ளிவிட்ட கதையும் வெகுகாலம் வெளியே பேசப்படவில்லை.

உங்கள் மஞ்சள் முக்கோணம் இன்னும் வேடிக்கை. 1923இல் பௌஹவுஸ் ஆசிரியரான ஓவியர் கண்டின்ஸ்கி அந்தப் பள்ளியில் ஒரு வினாத்தாளைச் சுற்றுக்கு விட்டார்: முக்கோணம், சதுரம், வட்டம் மூன்றுக்கும் மஞ்சள், சிவப்பு, நீலத்தைப் பொருத்துக. பெரும்பாலோர் முக்கோணத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு நீலம் என்றார்கள். அவருடைய கருத்தும் அதுவே. பதில் சொன்னவர்களோ அவருடைய பள்ளிக்காரர்கள். ஒரு கூரைக்கடியில் எடுத்த வாக்கு, பாடத்திட்டத்தில் இயற்கை விதியாக உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வகுப்புக்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வடிவமைப்புப் படிக்காத இருபது பேரிடம் அதே மூன்று வடிவங்களையும் மூன்று வண்ணப் பென்சில்களையும் கொடுங்கள். காரணமும் எழுதி வாங்குங்கள், கண்டின்ஸ்கியும் கேட்டிருந்தார். வந்த தாள்களை ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டு, என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.