பெயர் அதேதான், ஆள் வேறு: மீட்டெடுத்த பைல்கள் புதுக் கணினியில் திறக்காவிட்டால்

வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய பழைய மடிக்கணினியின் மதர்போர்ட் போய்விட்டது. நல்ல காலம், டியூட்டுகளும் (மாணவர்களுக்குக் கொடுக்கும் பாடக் குறிப்புகள்) வினாத்தாள்களும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் இருந்தன. புதிதாக ஒன்று வாங்கி, பேக்கப் மென்பொருளைக் கொண்டு எல்லாவற்றையும் டி டிரைவில் மீட்டெடுத்தார். சில போல்டர்கள் திறக்கின்றன. டெஸ்க்டொப்பிலும் டொக்யுமென்ட்ஸிலும் இருந்தவை மட்டும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று நிற்கின்றன. "பழைய பெயரையும் பாஸ்வேர்டையும்தான் இதிலும் வைத்தேன். கடையில் கேட்டால் போர்மட் பண்ணித் தருகிறோம் என்கிறார்கள். செய்யவா?"

வேண்டாம். புதுக் கணினியை எத்தனை முறை போர்மட் செய்தாலும் இது தீராது. பேக்கப் டிஸ்க்கைப் போர்மட் செய்தால் உள்ளதும் போய்விடும்.

வின்டோஸ் உங்களைப் பெயரால் அடையாளம் காண்பதில்லை. கணக்கு உருவாகும்போதே 'எஸ்-1-5-21' என்று தொடங்கும் நீண்ட இலக்கம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. கொழும்பில் ஒரே பெயரில் எத்தனை பேர் இருந்தாலும் அடையாள அட்டை இலக்கம் ஆளுக்கு ஒன்றுதானே, அதைப் போல. என்டிஎஃப்எஸ் முறையில் போர்மட் செய்த டிஸ்க்கில் ஒவ்வொரு பைலோடும் 'இந்த இலக்கக்காரர் உரிமையாளர், இன்னின்னார் திறக்கலாம்' என்ற பட்டியலும் சேர்ந்தே இருக்கும். உங்கள் மென்பொருள் அந்தப் பட்டியலையும் விசுவாசமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதில் இருப்பது இறந்துபோன கணினியின் இலக்கம். புதுக் கணினிக்கு நீங்கள் யாரோ.

சிலது மட்டும் ஏன் திறக்கிறது? டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ் எல்லாம் உங்கள் தனிப்பட்ட யூசர் போல்டருக்குள் இருப்பவை. அதற்குள் நீங்களும் கணினியின் நிர்வாகியும்தான் போகலாம். பழைய டி டிரைவில் நீங்களே உருவாக்கிய போல்டர்களுக்கோ, உள்நுழைந்த எவரும் பயன்படுத்தலாம் என்ற பொது அனுமதி வழக்கமாக இருக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். வெளி டிஸ்க்கில் இருக்கும் பேக்கப்பைத் தொடாதீர்கள். கணினிக்குள் இருக்கும் பிரதியில்தான் கைவைக்க வேண்டும். மறுக்கும் போல்டரை இரட்டைக் கிளிக் செய்யும்போது 'கன்டினியூ' பொத்தான் வந்தால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். உங்கள் கணக்கு நிர்வாகிக் கணக்கு என்றால், வின்டோஸ் உங்கள் பெயரையும் அனுமதிப் பட்டியலில் எழுதிவிடும். பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். பெரிய போல்டர் என்றால் பச்சைக் கோடு மெல்ல நகரும், பொறுமையாக இருங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் உரிமையை நீங்களே எடுக்க வேண்டும். போல்டரில் ரைட் கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், அதில் செக்யூரிட்டி, அப்புறம் அட்வான்ஸ்ட். மேலே 'ஓனர்' என்ற இடத்தில் அந்த நீண்ட இலக்கம் தெரியும், அல்லது உரிமையாளரைக் காட்ட முடியவில்லை என்று இருக்கும். பக்கத்தில் உள்ள 'சேஞ்ச்' ஐ அழுத்தி உங்கள் கணக்கின் பெயரைக் கொடுங்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கில் உள்நுழைபவர் என்றால் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கலாம். 'செக் நேம்ஸ்' அழுத்தியதும் பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. ஓகே கொடுத்த பிறகு, உள்ளே இருக்கும் போல்டர்கள், பைல்களின் உரிமையாளரையும் மாற்றச் சொல்லும் கட்டம் ஓனருக்குக் கீழேயே தோன்றும். அதைத் தவறாமல் டிக் செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: வெளிப் போல்டர் மட்டும் திறக்கும், உள்ளே போனால் பழைய குருடி கதவைத் திறடி. முழு அனுமதி தரட்டுமா என்று வின்டோஸ் கேட்டால் 'யெஸ்'.

எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி அட்வான்ஸ்டுக்குள் போங்கள். உரிமையாளர் ஆவது ஒன்று, அனுமதி பெறுவது இன்னொன்று. 'ஆட்' மூலம் உங்கள் கணக்கைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். உள்ளிருக்கும் எல்லாவற்றின் அனுமதியையும் இந்தப் போல்டரின் அனுமதியால் மாற்றச் சொல்லும் கட்டம் அடியில் இருக்கும், அதையும் டிக் செய்து ஓகே கொடுங்கள். சார்ஜரைச் செருகிவிட்டே தொடங்குங்கள். இடையில் நின்றால் பாதி பைல் ஒரு விதமாகவும் மீதி வேறு விதமாகவும் கிடக்கும்.

இரண்டு காரியத்தை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சி டிரைவ் முழுவதற்கும் உரிமை எடுப்பது ஒன்று. வின்டோஸின் சொந்தப் பைல்களில் கைவைத்தால் கணினியே படுத்துவிடலாம். 'எவ்ரிவன்' என்று போட்டு எல்லோருக்கும் முழு அனுமதி கொடுப்பது மற்றது. அவசரத்துக்குச் சிலர் அப்படிச் செய்து தருவார்கள். அந்தக் கணினியில் பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு இருந்தால், அடுத்த தவணை வினாத்தாளை அவர்களும் திறக்கலாம்.

எல்லாம் முடிந்த பிறகும் டொக்யுமென்ட்ஸுக்குள் 'மை மியூசிக்', 'மை பிக்சர்ஸ்' என்று மங்கலாகத் தெரிபவை மறுத்துக்கொண்டே இருக்கலாம். அவை போல்டர்களே அல்ல, பழைய மென்பொருள்களுக்காக வின்டோஸ் வைத்திருக்கும் வழிகாட்டிப் பலகைகள். விட்டுவிடுங்கள். ப்ரொப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' கட்டம் நிரம்பியிருப்பதைப் பார்த்தும் பதற வேண்டாம். போல்டர்களுக்கு அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், டிக்கை எடுத்தாலும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பைலின் ஐகனில் சிறிய பூட்டு தெரிந்தால் மட்டும் கதை வேறு. பழைய கணினியில் அது குறியாக்கம் (என்க்ரிப்ட்) செய்யப்பட்டிருக்கிறது, அதாவது டிஜிட்டல் சாவி இல்லாமல் வாசிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருக்கிறது. உரிமையை எடுத்தாலும் திறக்காது, பழைய சான்றிதழும் சாவியும் வேண்டும். பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எங்காவது வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் எறிந்துவிடாதீர்கள், அந்தச் சாவி அதில் இருக்கலாம்.

டியூட் சில திறந்தாலும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை, பைலும் பழுதாகவில்லை. அவை பாமினியில் தட்டச்சு செய்தவை. புதுக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பாமினியை நிறுவிவிட்டு அதே பைலைத் திறந்து பாருங்கள்.