முப்பது பிள்ளைகள் போனால் என்ன குறையும்?

அன்புள்ள ஐயா,

மாசசூசெட்ஸில் வூஸ்டருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் பகுதியில் புதிய சார்ட்டர் பள்ளி ஒன்று தொடங்க மாநிலக் கல்வி வாரியத்திடம் விண்ணப்பம் போயிருக்கிறது. ஊரில் கடும் எதிர்ப்பு. வீட்டுக்கு வீடு புல்வெளியில் பலகை நட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா மனுவோடு கையெழுத்துக்கு வந்தார். அப்புறம் போடுகிறேன் என்று சமாளித்து அனுப்பிவிட்டேன்.

சார்ட்டர் பள்ளியிலும் கட்டணம் கிடையாது, அதுவும் அரசுப் பணத்தில்தான் நடக்கிறது, நிர்வாகம் மட்டும் ஊர்ப் பள்ளிக் குழுவின் கையில் இல்லாமல் தனி. பிறகு எதற்கு எதிர்ப்பு? எனக்கு இது ஆசிரியர் சங்கத்தின் சுயநலமாகவே படுகிறது. பிள்ளை போகும் இடத்துக்குப் பணமும் போவதில் என்ன தவறு? போட்டி வந்தால் ஊர்ப் பள்ளியும் திருந்துமே. நம் ஊரில் மெட்ரிக் பள்ளிகள் வந்தபோதும் இப்படித்தான் கத்தினார்கள். என் மகள் அடுத்த வருடம் ஆறாம் வகுப்பு. சார்ட்டரில் இடத்துக்குப் போடும் குலுக்கலுக்கு, அந்த லாட்டரிக்கு, அவள் பெயரைக் கொடுக்கலாமா? நீங்களும் இந்தப் பக்கத்திலேயே இருப்பதால் கேட்கிறேன். மொழிபெயர்ப்பு நாவல்கள் சிலவும் சொல்லுங்கள்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது எங்கள் ஊர்ப் பள்ளிகளின் வரவுசெலவு அறிக்கையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எழுத்தாளன் படிக்கிற புத்தகமா அது என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இந்த ஊரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் அதைவிட நேர்மையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மெட்ரிக் பள்ளியை இங்கே இழுக்காதீர்கள். அங்கே பெற்றோர் தங்கள் கையிலிருந்து கட்டணம் கட்டினார்கள். இங்கே ஊர்ப் பள்ளிக்கு வரவேண்டிய பணமே எழுந்து போகிறது. இரண்டும் வேறு கதை.

சங்கத்தின் சுயநலம் என்கிறீர்கள். சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை 1988இல் நாடு முழுக்கப் பேசவைத்தவர் யார் தெரியுமா? ஆல்பர்ட் ஷேங்கர். அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர், அதாவது உங்கள் சுயநலச் சங்கத்தின் ஆள். ஆசிரியர்களே கூடி, வழக்கமான வகுப்பில் தேறாத பிள்ளைகளுக்காகப் புதிய முறைகளைச் செய்துபார்க்க ஓர் இடம் வேண்டும் என்றார். 1991இல் மினசோட்டா முதல் சட்டத்தைப் போட்டது, 1993இல் மாசசூசெட்ஸும். அதற்குள் ஷேங்கரே இது தடம் மாறுகிறது என்று எதிர்க்க ஆரம்பித்துவிட்டார்.

படிப்பின் தரத்தைப் பற்றி வாதமே வேண்டாம். பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் லாட்டரியில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் எம்.ஐ.டி. பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்தவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எதிர்ப்பாளர்களில் சிலர் இதை மறைத்துப் பேசும்போது எனக்கும் எரிச்சல் வருகிறது. போட்டி பற்றிய உங்கள் வாதத்தை நான் தொடப்போவதில்லை. அது தொலைக்காட்சியில் கேட்டது, நீங்கள் யோசித்தது இல்லை.

பணம் பிள்ளையோடு போவதில் என்ன தவறு என்று கேட்டீர்களே, அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு பள்ளியிலிருந்து முப்பது பேர் சார்ட்டருக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். முப்பது பேரும் ஒரே வகுப்பிலிருந்து போவதில்லை. மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர், நான்கில் மூன்று பேர், ஏழில் ஒருவர் என்று உதிரியாகப் போவார்கள். இருபத்திரண்டு பேர் இருந்த அறையில் இருபது பேர் இருப்பார்கள். எந்த ஆசிரியரை நிறுத்துவது? மஞ்சள் பேருந்து அதே தெருக்களில்தான் சுற்றவேண்டும், நடுவில் இரண்டு நிறுத்தம் குறையலாம். ஜனவரியில் பாய்லர் அதே எண்ணெயைத்தான் குடிக்கும். கூரை அதே இடத்தில்தான் ஒழுகும். ஆனால் முப்பது பிள்ளைகளுக்கான தொகை மட்டும் முழுசாகப் போய்விடும். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேரில் முப்பது பேர் வரவில்லை என்றால் இலை குறையும், மண்டப வாடகை குறையுமா?

மாநிலம் ஈடு தருகிறதே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். தருகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடுதலாகப் போகும் தொகைக்கு முதல் வருடம் நூறு சதவீதம், இரண்டாம் வருடம் அறுபது, மூன்றாம் வருடம் நாற்பது. நான்காம் வருடம் பூஜ்யம். அந்தச் சட்டத்துக்கு முன்பு, தருவதாகச் சொன்ன ஈட்டையே பல வருடங்கள் முழுசாகத் தரவில்லை. சரி, ஊர் வரியை உயர்த்திச் சமாளிக்கட்டுமே என்பீர்கள். 1980இல் வாக்கெடுப்பில் வந்த சட்டம் ஒன்று, ஊரின் மொத்தச் சொத்து வரியை வருடத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறது. புதுக் கட்டுமானத்துக்கு மட்டும் விலக்கு. மீறவேண்டுமானால் மறுபடி ஊர் முழுக்க வாக்கெடுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு முதலில் போவது வயலின் ஆசிரியர், அப்புறம் நூலகர். கணக்கு ஆசிரியரை யாரும் வெட்டமாட்டார்கள், சோதனை மதிப்பெண் இறங்கிவிடும்.

இவ்வளவு செலவு ஊர்த் தலையில். முடிவு எடுப்பது யார்? ஊர் இல்லை. ஊர் தேர்ந்தெடுத்த பள்ளிக் குழு இல்லை. மாநில வாரியம். வூஸ்டரிலேயே நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஓல்ட் ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ் அருங்காட்சியகம் வூஸ்டர் கல்ச்சுரல் அகாடமி என்ற சார்ட்டர் பள்ளியைத் தொடங்க முன்வந்தபோது மேயர், பள்ளிக் குழு, பள்ளிகளின் கண்காணிப்பாளர் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அருங்காட்சியகம் தன் ஆதரவாளர்களுக்கு எழுதிய ஒன்றில், மழையும் தொற்றுநோயும் நுழைவுச்சீட்டு வருமானத்தைக் கெடுக்கும்போது பள்ளிகள் நிலையான வருவாயாக இருக்கும் என்ற பொருளில் சொல்லியிருந்தது. எதிர்ப்பாளர்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பள்ளிப் பணம் அருங்காட்சியகத்துக்குத் திருப்பிவிடப்படாது என்று அருங்காட்சியகத் தரப்பு மறுத்தது. 2023 பிப்ரவரியில் வாரியம் அனுமதி தந்தது, அந்த வருடமே பள்ளி திறந்தது. ஸ்டர்பிரிட்ஜுக்கு நீங்கள் போயிருப்பீர்கள், நம்மவர்கள் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவைத் தவறாமல் அழைத்துப் போகும் இடம். 1830களின் கிராமத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்குள் ஓரறைப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் அந்த வட்டாரத்துக் குடும்பங்களே வரி கொடுத்து, விறகும் கொடுத்து, ஆசிரியருக்கு முறைவைத்துச் சோறும் போட்டு நடத்திய பள்ளி. யாரை ஆசிரியராக வைப்பது என்பதையும் அந்த ஊர்க்காரர்களே பேசி முடிவு செய்தார்கள். அதைக் காட்சிக்கு வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் ஒரு நகரத்துக்கும் நடுவில் இந்தச் சண்டை வந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

குளோஸ்டர் கதை இன்னும் மோசம். மீன்பிடித் துறைமுக ஊர். 2009இல் அங்கே ஒரு சார்ட்டர் பள்ளிக்கு அனுமதி கிடைத்தது. அனுமதி வழங்கிய விதமே சரியில்லை என்று மாநிலத்தின் தலைமை ஆய்வு அதிகாரியே 2010 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அந்த வருடமே பள்ளி திறந்தார்கள். பணம் தட்டுப்பட்டு 2013 ஜனவரியில், படிப்பாண்டின் நடுவில், மூடினார்கள். பனிக்காலத்தில் பையைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையை ஊர்ப் பள்ளி ‘இடமில்லை, லாட்டரி முடிந்துவிட்டது’ என்று திருப்பி அனுப்ப முடியாது. எந்த நாள் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

2016 நவம்பரில் இதே மாநிலத்தில் வருடத்துக்குப் பன்னிரண்டு சார்ட்டர்கள்வரை புதிதாகத் தொடங்கவோ விரிவாக்கவோ அனுமதிக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 62 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். ஆதரவுப் பிரசாரத்துக்குப் பணம் கொட்டிய நியூயார்க் அமைப்பு ஒன்று, கொடுத்தவர்கள் பெயரை மறைத்ததற்காக மறுவருடம் 4,26,466 டாலர் கட்டியது. அந்த 62 சதவீதமும் ஆசிரியர் சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்களா?

எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளிச் சாப்பாட்டு அறை. மேசையோடு சேர்த்துப் பொருத்திய வட்ட முக்காலிகள், பத்து வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்தவை. குளிர்கோட்டைக் கழற்றவும் இடமில்லாமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். கம்பி ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மைக் முன்னால் வந்தார். கையில் அச்செடுத்த பட்ஜெட், பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர் கோடு. ஊருக்கு வரும் உதவியையும் பிடித்தத்தையும் கணக்கிட்டு மாநிலம் அனுப்பும் செர்ரி ஷீட்டில் சார்ட்டர் தொகை போன வருடத்தைவிட ஏன் ஏறியிருக்கிறது, பிரைமரிப் பள்ளி நூலகரை ஏன் அரைநாளாக்குகிறீர்கள் என்று கேட்டார். ஆளுக்கு இரண்டு நிமிடம்தான். மணி அடித்தது. ‘நான் இன்னும் முடிக்கவில்லை’ என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவர் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை யாரும் இல்லை. வரியை ஏற்றும் வாக்கெடுப்பில் அவர் ஆம் என்றுதான் போட்டார் என்று பின்னால் சொன்னார். வாக்கெடுப்பு தோற்றது, நூலகர் அரைநாள் ஆனார்.

அன்றைக்கு அந்த அறையில் நம்மவர்கள் மூன்று பேர் இருந்திருப்போம். ஜனவரியில் அதே அறையில் பொங்கல் விழா, உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று சாப்பிட்டோம்.

உங்கள் தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமை எங்கே நடக்கிறது நண்பரே? பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக் கட்டடத்தில்தான் நடக்கும். பள்ளியின் ரேட்டிங் எண்ணைப் பார்த்து வீடு வாங்கினீர்கள், அந்த எண்ணை உண்டாக்கியவர்கள் வாசலுக்கு வந்து கையெழுத்துக் கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறீர்கள். ஒன்பது வருடத்தில் ஒரு பள்ளிக் குழுக் கூட்டத்துக்காவது போயிருக்கிறீர்களா? கடிதத்தில் எங்கும் காணோம். குடியுரிமை இல்லாததால் வாக்கு இல்லை என்று சாக்கு சொல்லாதீர்கள். பொதுமக்கள் கருத்து நேரத்தில் பேச விசா கேட்பதில்லை.

கோபமாக எழுதிவிட்டேன். உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. தெரியாத ஊரில் பிள்ளையை வளர்க்கிற பயம், ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்க வேண்டுமே என்கிற தவிப்பு. அதே பயத்தோடுதான் வூஸ்டரில் எத்தனையோ ஏழைத் தாய்மார்கள் லாட்டரிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

மகளைப் பற்றித்தானே கேட்டீர்கள். முதலில் அவளுடைய இப்போதைய பள்ளியில் என்ன குறை என்று நீங்கள் சொல்லவே இல்லை. குறை இருந்தால் பெயரைக் கொடுங்கள், கிடைத்தால் சேருங்கள். ஊர்க் கொள்கையின் பாரத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை சுமக்கவேண்டியதில்லை. சார்ட்டரில் சேர்த்த பெற்றோரும் புதிய சார்ட்டரை எதிர்க்கலாம், அதில் முரண் ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள். போடுவதோ மறுப்பதோ உங்கள் இஷ்டம், மழுப்பாதீர்கள். மாநிலத்தின் பொது விசாரணை எந்தத் தேதி என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

மொழிபெயர்ப்பு நாவல்கள் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அன்புடன்.