125 சிசி வண்டியில் மலை, கடல் என்று பல நாள் பயணம் போக முடியுமா? நண்பர்கள் 350 சிசி வாங்கிய பிறகு போ என்கிறார்கள்.

போகலாம். தாராளமாகப் போகலாம்.

மூணாறு ஏறி, போடி வழியாக இறங்கி, ராமேஸ்வரம் பார்த்துவிட்டு கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போய்வர வாங்கிய வண்டியாக இருக்கும். ஆசையை வெளியே சொன்னதும் யாரோ சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்கும் பழக்கம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் உடுமலைக்காரி. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என்னுடையதும் 125தான். தை மாதம் பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும், நானும் என் நாத்தனாரும் ஒரே வண்டியில், மாறி மாறி ஓட்டிக்கொண்டு, நீங்கள் சொல்லும் இதே வழியில் போய்வந்தோம். எந்தக் கம்பெனியும் எனக்குக் காசு தரவில்லை, வண்டியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. 350 வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அது நல்ல வண்டி. லடாக் போனவர்கள் வந்து அங்கே இது நடக்காது என்று சொல்லக்கூடும். நான் லடாக்கைப் பற்றிப் பேசவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் மன்னார் வளைகுடாக் கரையையும் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் சாலையைப் பற்றி. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை, ராமேஸ்வரம் தாண்டி தனுஷ்கோடி வரைக்கும் முன்பு ஒரே தேசிய நெடுஞ்சாலை எண், 49. இப்போது அது 85, 87 என்று பிரிந்துவிட்டது. ஆனால் சாலை அதேதான். தேயிலைத் தோட்டத்தில் ஏறி உட்கார்ந்தால் அதே தார் ரோடு உங்களைக் கடலுக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். இப்படி ஒரு சாலை நம் வீட்டுப் பக்கத்தில் இருக்கும்போது எங்கெங்கோ போகணும் என்று ஏங்குவது எனக்குப் புரியாத விஷயம்.

நாங்கள் உடுமலையிலிருந்து மறையூர் வழியாக அந்தச் சாலையைப் பிடித்தோம். 9/6 என்ற வனத்துறை செக்போஸ்ட்டில் பெயரை எழுதிக்கொண்டு விடுவார்கள். ராத்திரியில் விடமாட்டார்கள், ஆகவே காலையிலேயே போய்விடுங்கள். சின்னாறு வரைக்கும் மழை மறைவுப் பகுதி, முள்ளும் பாறையுமாக வறண்ட காடு. மறையூரில் சந்தன மரம், கரும்பு, வெல்லம் காய்ச்சும் வாசனை. அதற்கப்புறம் கொஞ்ச தூரத்தில் தேயிலை வந்துவிடும். ஒரே காலைப்பொழுதில் இவ்வளவு மாறுகிற பாதை தமிழ்நாட்டு எல்லையில் வேறெங்கும் எனக்குத் தெரியாது. இந்தக் காட்டில் யானை சாலைக்கு வரும். முன்னால் நிற்கும் பஸ், ஜீப்புக்குப் பின்னால் காத்திருங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோ எடுக்க இறங்காதீர்கள். கேரளாவுக்குள் பின்னால் உட்கார்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும், கேமரா பிடித்துவிடும்.

ஏறுமா என்றுதானே உங்கள் கவலை? ஏறும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிடும், இன்ஜினின் இழுவையும் அதற்கேற்பக் குறையும். இது 125க்கும் 350க்கும் பொதுவான கணக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டி என்றால் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் இருக்கும், காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோலை அதுவே சரிசெய்துகொள்ளும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்க் குறைத்தால் வண்டி திணறும். இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் பொறுமையாக ஏறினால் போதும். அந்தச் சாலையில் யாரும் 40க்கு மேல் போக முடியாது. அங்கே 350இன் பலத்தை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? வண்டி எடை மட்டும் அதில் 180 கிலோவுக்கு மேல். என்னுடையது 120 கிலோகூட இல்லை. சரளைக் கல்லில் நிறுத்தித் திருப்பும்போது, என்னைப் போன்ற ஐந்தடி உயரக்காரிக்கு அந்த எடைக் குறைவுதான் பெரிய துணை.

மூணாறு தாண்டி கேப் ரோட்டில் ஒரு டீக்கடை. பெரிய வண்டிகளில் வந்த பையன்கள் ஏழெட்டுப் பேர். ஒருவர் என் வண்டியையும், அதில் கட்டியிருந்த ரப்பர் கயிற்றையும், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஏறுச்சா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். என் நாத்தனார், "ஏறித்தானுங்க வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. வண்டி சின்னது என்பதற்கா, வந்தது இரண்டு பெண்கள் என்பதற்கா, எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவர்கள் கெட்ட பையன்கள் இல்லை. போகும்போது, முன்னால் மண் சரிந்த இடத்தில் சரளை கிடக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அந்த கேப் ரோட்டில் 2019, 2020 வருடங்களில் பெரிய நிலச்சரிவுகள் நடந்தன. இப்போது அகலமாக்கி நன்றாகப் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் மழை நாளில் அங்கே நின்று வேடிக்கை பார்க்காதீர்கள்.

நான் உங்களுக்கு உண்மையில் சொல்ல வந்தது இறக்கத்தைப் பற்றி. எல்லோரும் ஏறுமா, ஏறுமா என்று கேட்கிறார்கள். இறங்குவதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. போடிமெட்டிலிருந்து கீழே 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வண்டியில் பின் சக்கரத்துக்குப் பெரும்பாலும் டிரம் பிரேக்தான் இருக்கும். அதை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பாதி மலையில் பிரேக் பிடிக்காமல் போகும். முன் டிஸ்க்கும் விதிவிலக்கு இல்லை, அதற்குள் இருக்கும் ஆயில் கொதித்தால் லிவர் கைக்குள் வந்துவிடும். ஆகவே எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, இன்ஜினை அணைத்துவிட்டு உருள்வது, இரண்டும் உயிருக்கு ஆபத்து. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக் கொடுப்பார்கள். கேட்காதீர்கள்.

நாங்கள் இறங்கியது காலையில். பனி கலையவில்லை, ஓட்டியது நான். அந்த நேரத்தில் போடி, தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மேலே ஏறிவரும். மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது, சமவெளிக்காரர்கள் பலருக்குத் தெரியாது. ஏறும் வண்டி நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது கஷ்டம், சுமையோடு பின்னால் உருளவும் செய்யும். நான் ஒவ்வொரு ஜீப்புக்கும் ஓரமாக நிறுத்தி நிறுத்தி இறங்கினேன். ஒரு ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து ஓர் அம்மா தலையை நீட்டி, "எந்த ஊரு தாயி? ரெண்டு பேரும் தனியாவா வாறீக?" என்று கேட்டார். உடுமலை என்று நாத்தனார் கத்தினாள். ஜீப் முழுக்கக் கை அசைத்தார்கள். தினமும் இருட்டோடு எழுந்து, சோறு கட்டிக்கொண்டு, அந்த மலையை ஏறி இறங்குகிற பெண்கள். அவர்கள் கை அசைத்ததுதான் எனக்கு இந்தப் பயணத்தில் கிடைத்த பெரிய மரியாதை. டீக்கடைச் சிரிப்பு அங்கேயே கழன்று விழுந்துவிட்டது.

கீழே வந்தபின் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 125இன் பலவீனம் மலையில் இல்லை, மதுரைக்குக் கிழக்கே நான்குவழிச் சாலையில்தான். அங்கே எல்லோரும் 90, 100இல் போவார்கள். நாம் 60இல் இடது ஓரத்தில் போகணும். லாரி கடந்து போகும்போது காற்று நம்மைத் தள்ளும். மானாமதுரை, பரமக்குடி வரைக்கும் எனக்கு அலுப்புதான், மறைக்க விரும்பவில்லை. முடிந்தால் விடியற்காலையில் அந்தப் பகுதியைக் கடந்துவிடுங்கள்.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டர் போல இருக்கும், 1988இல் திறந்தது. மேலே பக்கக்காற்று பலமாக அடிக்கும். எடை குறைந்த வண்டி என்பதால் தள்ளுவது நன்றாகவே தெரியும். உடம்பை இறுக்காமல், ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காமல், ஒரே வேகத்தில் போங்கள். பக்கத்தில் 2025இல் திறந்த புது ரயில் பாலத்தைப் படம் எடுக்க நடுப்பாலத்தில் நிறுத்துகிறார்கள், நீங்கள் அதைச் செய்யாதீர்கள். தனுஷ்கோடி பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். 1964 புயலில் போன ஊர், 2017 முதல் அரிச்சல்முனை வரை தார் ரோடு. மணல் ரோட்டில் ஏறிக் கிடக்கும், அதன்மேல் பிரேக் அடிக்க வேண்டாம்.

இனி ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை, உங்களுக்கு இது நேராமலும் போகலாம். ஆனாலும் சொல்கிறேன். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பி, கீழக்கரை, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து, ஓர் ஊரில் தங்க லாட்ஜுக்குப் போனோம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆதார் இரண்டையும் வாங்கிப் பார்த்தார் அந்த ஆள். "ஆம்பளை யாரும் கூட வரலையா?" என்றார். இல்லை என்றதும் ரூம் இல்லை என்றார். அடுத்த லாட்ஜிலும் அதே கேள்வி. எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பத்துக்கு என் கண் முன்னாலேயே சாவி எடுத்துக் கொடுத்தார்கள். "அண்ணி, விடுங்க, போலாம்" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு நாற்பது வயது, அவளுக்கு முப்பத்தாறு. சம்பாதிக்கிறோம், வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். சொந்தக் காசில் ஒரு ராத்திரி தூங்க எதற்கு ஓர் ஆண்? இதற்கு யாரிடம் புகார் கொடுப்பது, கொடுத்தால் அந்த ராத்திரிக்குள் என்ன நடக்கும்? கடைசியில் ஒரு மாதா கோயில் விடுதியில், சிஸ்டர் ஒருவர் ஒரு கேள்வியும் கேட்காமல் அறை கொடுத்து, சுடுதண்ணீரும் வைத்துத் தந்தார். பெண்கள் தனியாக ஏன் போகவேண்டும் என்று இங்கே கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். எழுதுங்கள், நான் பதில் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி உப்பளம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகவே கன்னியாகுமரிக்குப் போங்கள். உள்ளே திருநெல்வேலி வழியாகப் போனால் சீக்கிரம் போகலாம் என்று மேப் காட்டும், கேட்க வேண்டாம். உடன்குடிப் பக்கம் தேரிமணல், பனைமரம், கருப்பட்டி. மணப்பாட்டில் மணல்மேட்டின் மேல் ஒரு சிலுவைக் கோயில், கீழே இரண்டு பக்கமும் தண்ணீர். வண்டி சின்னது என்பதால் ஊருக்குள் சந்து சந்தாகப் போய் கடல் வரைக்கும் எட்டிப் பார்க்க முடிந்தது. இந்தக் கரையில் உப்புக்காற்றுதான் வண்டிக்கு எதிரி. ஒவ்வொரு ராத்திரியும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரம் காய்ந்ததும் செயினுக்கு ஆயில் விடுங்கள். மணல் ஒட்டிய செயினில் கழுவாமல் ஆயில் விட்டால் அதுவே உப்புத்தாள் போலத் தேய்க்கும்.

நேரம் முக்கியம். மூணாறுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ராமநாதபுரக் கரைக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு. இரண்டும் ஓய்ந்திருக்கும் தை, மாசிதான் மலையும் கடலும் சேர்ந்த பயணத்துக்குச் சரி. பங்குனிக்குப் பிறகு கடலோரத்தில் வெயில் தாங்காது. மூணாறுக்குப் பதில் ஊட்டி, கொடைக்கானல் என்று மாற்றினால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

கிளம்புமுன் பின் பிரேக் ஷூ, செயின், ஸ்ப்ராக்கெட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டி, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும், எவ்வளவு என்று வண்டியிலேயே ஒட்டியிருப்பார்கள். 350 வாங்கக் கடன் போடுவதற்கு முன்னால் உங்கள் 125இல் இந்த வழியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கூட யாராவது வருகிறார்களா, தனியாகவா என்று சொன்னீர்கள் என்றால், சுமையை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்று தனியாக எழுதுகிறேன். நாங்கள் அடுத்த தையில் ஆழியாறிலிருந்து வால்பாறை, 40 கொண்டை ஊசி வளைவு. வண்டி இதேதான்.