பழைய கார் இன்ஜினில் ‘டக் டக்’ என்று டாப்பெட் சத்தம். வால்வு கேப்பை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, வீட்டிலேயே சரியாக வைக்க முடியுமா, எப்படி?

முடியும். ராக்கர் ஆர்மில் (வால்வை அமுக்கித் திறக்கும் கை) அட்ஜஸ்டிங் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தால் அரை நாள் வேலைதான். ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் என்றால் கேப் வைக்கும் வேலையே கிடையாது. ஷிம் எனும் அளவுத் தகட்டை மாற்றும் வகை என்றால் மைக்ரோமீட்டரும் ஷிம்களும் வேண்டும். அதை இங்கே தொடவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: சத்தம் நிற்கும்வரை இறுக்காதீர்கள். கேப் கூடினால் சத்தம் வரும், வால்வு கொஞ்சம் தாமதமாகத் திறந்து சீக்கிரம் மூடும், அவ்வளவுதான். கேப் குறைந்தால் சத்தமே வராது. சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு, வால்வு மூடும்போது உட்காரும் வளையமான சீட்டில் முழுதாக உட்காராமல் நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் இறக்குகிறது. உட்காராவிட்டால் ஓரம் கருகி, கம்ப்ரஷன் போய், ஹெட்டையே கழற்ற வேண்டியிருக்கும்.

அளவு இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். பழைய மினி, மோரிஸ் மைனரின் ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு இரண்டு வால்வுக்கும் 0.012 அங்குலம், அதாவது சுமார் 0.30 மி.மீ. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் 1600-க்கு 0.15 மி.மீ. இரண்டும் ஆறிய இன்ஜினுக்கான அளவு, ஆகவே வண்டி இரவு முழுக்க நின்றிருக்கட்டும். சில இன்ஜின்களுக்குச் சூட்டில் வைக்கும் அளவு கொடுத்திருப்பார்கள். மேனுவலில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, பேட்டரி வயரையும், ராக்கர்களை மூடியிருக்கும் ராக்கர் கவரையும் கழற்றுங்கள். பிளக்குகள் நான்கையும் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் எதிர்க்காது, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு லேசாகச் சுற்றலாம். இன்ஜின் ஓடும் திசையில் மட்டும் சுற்றுங்கள்.

ஏ-சீரிஸ் போல வால்வுகள் வரிசையாக நிற்கும் நாலு சிலிண்டர் இன்ஜினுக்கு ‘ஒன்பது கணக்கு’ இருக்கிறது. முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். 8-ஆவது முழுதாகத் திறந்து அமுங்கியிருக்கும்போது 1-ஐ வையுங்கள், 6 திறந்திருக்கும்போது 3, 4-க்கு 5, 7-க்கு 2. கூட்டினால் எப்போதும் 9. அப்படியே சுற்றிக்கொண்டு போனால் மிச்ச நான்கும் வந்துவிடும். புல்லிக் குறியைத் தேட வேண்டியதில்லை, கம்ப்ரஷனா எக்ஸாஸ்ட்டா என்ற குழப்பமும் இல்லை. பீட்டிலுக்கு இது ஒத்துவராது. அதில் 1-4-3-2 என்ற வரிசையில், ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் கம்ப்ரஷன் டிடிசி-யில் (இரு வால்வும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) நிறுத்தி வைக்க வேண்டும்.

லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வால்வுத் தண்டின் நுனிக்கும் ராக்கருக்கும் நடுவில் நேராக விடுங்கள். இழுக்கும்போது எண்ணெய் தடவிய இரண்டு காகிதத்துக்கு நடுவே உருவுவதுபோல் மெல்லிய பிடிப்பு இருக்க வேண்டும். மடங்கினால் இறுக்கம். கையில் நிச்சயம் வரவில்லையா? 0.30 தகடு போக வேண்டும், 0.35 போகக் கூடாது.

பெரும்பாலும் வேலை கெடுவது லாக் நட்டில்தான். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பி கேப் குறைந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கேஜை மறுபடி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வால்வுக்கும்.

எல்லாம் சரியாக வைத்தும் ஒரே ஒரு வால்வு தட்டிக்கொண்டிருந்தால் அந்த ராக்கரின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். தண்டு உரசி உரசிக் குழி விழுந்திருக்கும். தட்டையான கேஜ் அந்தக் குழியின் மேல் பாலம்போல் நிற்கும், உண்மையான கேப்போ உள்ளே இன்னும் அதிகம். அதற்கு ராக்கரைத்தான் மாற்ற வேண்டும், ஸ்க்ரூவால் ஆகாது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு: பார்க்கும்போதெல்லாம் எக்ஸாஸ்ட் கேப் குறைந்துகொண்டே வருவது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த ஹெட்டில், ஈயமில்லாப் பெட்ரோலால் வால்வு சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். கெட்டியான சீட் போடும்வரை அடிக்கடி கேப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ராக்கர் கவரை மூடும்போது கார்க் கேஸ்கெட் புதிதாகப் போட்டு, கவர் நட்டை அளவாக இறுக்குங்கள். பலமாக இறுக்கினால் கார்க் பிதுங்கி, ஆயில் எக்ஸாஸ்ட் மேல் சொட்டிப் புகையும்.