சிங்கத்தின் நெஞ்சில் ஈட்டி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பழைய போலீஸ் தொப்பிச் சின்னங்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கேள்விகள்!

*ஈரோடு வாசகர்: பழைய சின்னம் என்றாலே அபூர்வம்தானே? எதிலிருந்து தொடங்கலாம்?*

அப்படி இல்லை. எத்தனை பேர் அணிந்தார்கள், எத்தனை வருஷம் அணிந்தார்கள் என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் போயர் போர் நடந்துகொண்டிருந்த 1900-இல் பேடன் பவல் (ஆமாம், சாரணர் இயக்கத்துக்காரரேதான்) திரட்டிய சவுத் ஆப்பிரிக்கன் கான்ஸ்டாபுலரி என்ற போலீஸ் படை எட்டே வருஷத்தில் கலைக்கப்பட்டது. ஆனாலும் ஒரு கட்டத்தில் அதில் சுமார் 10,000 பேர் இருந்ததால் அதன் சின்னங்கள் இன்றும் ஏலங்களில் தலைகாட்டும். பெச்சுவானாலாந்து (இன்றைய போட்ஸ்வானாவும் அதன் தெற்குப் பக்கமும்) பார்டர் போலீஸ் கதை வேறு. 1885-இல் தொடங்கிப் பத்து வருஷம் தாக்குப்பிடித்த சின்னப் படை அது. அதில் இருந்த பலர் 1895 கடைசியில் டிரான்ஸ்வால் என்ற போயர் நாட்டின் அதிபர் குரூகரின் அரசைக் கவிழ்க்கக் கிளம்பிய ஜேம்சன் என்ற பிரிட்டிஷ்காரரின் கும்பலோடு அந்நாட்டுக்குள் புகுந்து, சில நாளிலேயே டோர்ன்கோப்பில் சரணடைந்தார்கள். அதன் சின்னம் மலிவு விலைக்குக் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பிரிட்டிஷ் சவுத் ஆப்பிரிக்கா போலீஸ். பிரிட்டிஷ் முதலாளி சிசில் ரோட்ஸின் கம்பெனிக்காக 1889-இல் உருவாகி, 1896-இல் இந்தப் பெயர் பெற்று, ஜிம்பாப்வே பிறந்த 1980 வரை ரொடீசியாவில் இருந்த படை என்பதால் வகையும் அதிகம், விலையும் கைக்கு எட்டும். நெஞ்சில் ஈட்டி பாய்ந்த சிங்கம்தான் அடையாளம். 'மன்னருக்காக, சட்டத்துக்காக, நாட்டுக்காக' என்று லத்தீனில் ஒரு வாசகமும் இவர்களுக்கு உண்டு. ஒரு வியாபாரக் கம்பெனி தன் லாபத்துக்காக வைத்த படைக்கு இது கொஞ்சம் ஓவர்தான்.

*சேலம் வாசகி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?*

முதலில் திருப்பிப் பாருங்கள். உலோகத் தகட்டை அச்சுக்கட்டையில் வைத்து அடித்துச் செய்த சின்னம் என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாகத் தெரியும், ஓட்டைகளின் விளிம்பு கத்தரித்த மாதிரி சுத்தமாக இருக்கும். அசலை வைத்து வார்த்த நகலில் பொடிப்பொடியாகக் குழிகள், மழுங்கிய எழுத்துகள், சிங்கத்தின் பிடரி மயிர் குழைந்துபோய் இருக்கும். சின்னங்கள் செய்த பர்மிங்காம் காண்ட் கம்பெனியின் முத்திரை இருக்கிறதே என்று மயங்க வேண்டாம், முத்திரையையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள்.

அப்புறம் கிரீடம். 1901-இலிருந்து அரை நூற்றாண்டுக்கு மன்னர்கள் காலத்துக் கிரீடம் மேலே வளைந்த குவிமாடமாக இருக்கும். 1953-க்குப் பின் எலிசபெத் காலத்தில் நடுவில் பள்ளம் விழும். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த நேட்டால் பகுதியின் நேட்டால் போலீஸ் 1913-இல் தென்னாப்பிரிக்கப் போலீஸோடு கலந்துவிட்டது, எனவே அந்தப் பெயரோடு எலிசபெத் கிரீடம் இருந்தால் பர்ஸை மூடிவிடலாம். விக்டோரியா காலக் கிரீடத்திலும் நடுவில் பள்ளம் உண்டு, அதனால் நல்ல படங்களோடு ஒப்பிடாமல் முடிவு கட்டாதீர்கள்.

*நாகை வாசகர்: இதில் நம்மவர்களுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?*

உண்டு. 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன கரும்புத் தோட்டக் கூலிகளோடு நேட்டாலில் நம்மவர் வாழ்க்கை தொடங்கியது. 1897 ஜனவரியில் டர்பனில் வெள்ளையர் கூட்டம் காந்தியைத் தேடி, அவர் தங்கியிருந்த நண்பர் ருஸ்தம்ஜியின் வீட்டைச் சூழ்ந்தபோது, போலீஸ் சூப்பிரண்டு அலெக்ஸாண்டர் வாசலில் நின்று கூட்டத்துக்குப் பாட்டுப் பாடிக் காட்டிக்கொண்டிருக்க, காந்தி இந்தியக் கான்ஸ்டபிள் உடையில் நழுவினார். தலையில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மதராஸித் துண்டைச் சுற்றி, அதுதான் ஹெல்மெட். சத்திய சோதனையில் அவரே எழுதியிருக்கிறார். ஆக, டர்பன் போலீஸில் அப்போதே இந்தியக் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். அவர்களைத் தேட நினைத்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் தொடங்குங்கள்.

*மதுரை வாசகர்: சின்னத்தை வைத்து அணிந்தவரைக் கண்டுபிடிக்க முடியுமா?*

சின்னத்தை மட்டும் வைத்துப் பெரும்பாலும் முடியாது. கூடவே போயர் போர்ப் பதக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும், அதை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்கப் பட்டியல்களோடு ஒத்துப் பார்க்கலாம்.

*கோவை வாசகி: புளி போட்டுத் தேய்க்கலாமா?*

ஐயையோ, வேண்டவே வேண்டாம். நூறு வருஷக் கறுப்பு போனால் விலையும் போச்சு. பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் மரக் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுங்கள்.