நாய்க்குட்டியைக் கூண்டில் விடுவது பாவமா?

மன்னார்குடியில் ஓட்டு வீடு, மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி, ராத்திரி கூண்டில் விட்டால் பாவம் என்று அம்மா சொல்கிறார் எனக் கேட்டிருக்கிறீர்கள். அடைத்துப் போட்டால் பாவம்தான். படுக்கும் இடமாகப் பழக்கினால் இல்லை.

கும்பகோணத்தில் எங்கள் குட்டிக்கு முதல் நான்கு நாள் கதவையே சாத்தவில்லை. சோற்றுத் தட்டை மட்டும் உள்ளே வைத்தோம். முதல் நாள் பின்கால் இரண்டும் வெளியே நிற்க, கழுத்தை நீட்டித் தின்றது. ஐந்தாம் நாள் உள்ளே கிடந்த பழைய வேட்டியைக் காலால் பறண்டிவிட்டுத் தானே சுருண்டு படுத்தது. அப்புறம்தான் சாத்தினோம், அதுவும் ஐந்து நிமிடம்.

நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க இடம் போதும். கூண்டு ரொம்பப் பெரிதானால் ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு மறு மூலையில் படுக்கும். இந்த வயதில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்காது. நடுராத்திரி ஒருமுறை நீங்கள் எழுந்தே ஆகவேண்டும்.

நம் பக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது வெக்கைக்குத்தான். நாய் மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் அப்படிக் குளிர்விப்பது சரியாக நடக்காது. சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையில் கூண்டை வைக்கவே வைக்காதீர்கள். ரேழி நல்ல இடம், வாசலுக்கும் கொல்லைக்கும் காற்று ஓடும். கம்பிக் கூண்டாக வாங்குங்கள், உள்ளே தண்ணீர் வையுங்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், கம்பியில் மாட்டினால் இறுக்கிவிடும்.

தீபாவளி வெடிச் சமயத்தில் கூண்டின் மேல் பாதிக்குப் போர்வை போட்டு, கதவைத் திறந்தே விடுங்கள். திட்டி உள்ளே தள்ளுவது மட்டும் வேண்டாம்.