புகைப்பவர் ஈறில் ஏன் ரத்தம் வருவதில்லை? – ஈறு மருத்துவரின் பதில்கள்

வாய், பல், ஈறு பற்றி வந்த கேள்விகளில் புகைப்பழக்கத்தையும் வாயில் வாழும் பாக்டீரியாவையும் தொட்டவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

சிகரெட் புகை அவ்வளவு நச்சு என்கிறீர்களே டாக்டர், அப்படியானால் வாயில் இருக்கிற கிருமிகளும் செத்துத்தானே போகும்? ஒருவகையில் நல்லதுதானே?

சில செத்துத்தான் போகின்றன. ஆனால் எவை என்று பார்க்க வேண்டும். மனித வாயில் இதுவரை அடையாளம் கண்டிருக்கும் பாக்டீரியா வகைகள் சுமார் 700. இவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கெடுதல் செய்வதில்லை. பல்லிலும் நாக்கிலும் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டு, கெட்டவை நுழையாமல் தடுப்பதே அவற்றால் நமக்குக் கிடைக்கும் பெரிய லாபம்.

நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 1,204 அமெரிக்கர்களின் வாய் பாக்டீரியாவை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். புரோட்டியோபாக்டீரியா என்ற பெரிய குழு, புகைக்காதவர்களின் வாயில் 11.7 சதவீதம் இருந்தது. புகைப்பவர்களிடம் 4.6 சதவீதம்தான். புகையிலிருக்கும் சில நச்சுப் பொருள்களைச் சிதைக்கும் திறன் கொண்ட பாக்டீரியாக்களும் குறைந்திருக்கலாம் என்பதற்கான அறிகுறிகள் அதில் தெரிந்தன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற சில இனங்களோ கூடியிருந்தன.

ஆக, புகை வாயைச் சுத்தம் செய்வதில்லை, குடியிருப்பவர்களை மாற்றுகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, புகைப்பவர்களுக்கு அது இன்னும் குறைகிறது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில்தான் ஈறைக் கெடுக்கும் பாக்டீரியா செழிக்கும்.

இருபது வருடமாகப் புகைக்கிறேன். ஒரு நாள்கூட ஈறில் ரத்தம் வந்ததில்லை. சிகரெட்டே தொடாத என் நண்பருக்குப் பல் தேய்த்தாலே ரத்தம். என் ஈறு நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தொகுப்பில் நான் அதிகம் கவலைப்படும் கேள்வி இதுதான்.

ஈறைச் சோதிக்க நாங்கள் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை வைத்திருக்கிறோம். அதைப் பல்லை ஒட்டி ஈறுக்குள் மெதுவாக இறக்குவோம். நல்ல ஈறில் 1 முதல் 3 மில்லிமீட்டர் போய் நின்றுவிடும். புகைக்காத ஒருவருக்கு ஈறு நோய் இருந்தால், சிவந்து வீங்கிய ஈறில் கம்பி பட்டதுமே ரத்தம் கசியும். பல ஆண்டுகளாகப் புகைப்பவரின் ஈறு வேறுமாதிரி இருக்கும். வெளிறி, தடித்து, இறுக்கமாக, பார்வைக்குத் திடமாகத் தெரியும். கம்பியை இறக்கினால் 4, 5, 6 என்று கோடுகள் ஒவ்வொன்றாக உள்ளே மறையும். வெளியே எடுத்தால் நுனியில் ஒரு பொட்டு ரத்தம் இருக்காது. உள்ளே பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கும், அவருக்கு வலியே தெரிந்திருக்காது. இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு பதறும்.

ரத்தம் கசிவது உடல் எழுப்பும் கூச்சல். பாக்டீரியா பெருகினால் அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடும், வெள்ளையணுக்கள் ஓடிவரும், ஈறு வீங்கும். புகை இந்த எதிர்வினையை அமுக்கிவிடுகிறது. வெள்ளையணுக்களின் வேலைத்திறனும் குறைகிறது. அப்புறம் பாக்டீரியாவின் பக்கமும் ஒன்று நடக்கிறது. ஈறு நோயில் முக்கியப் பங்கு வகிக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸை ஆய்வகத்தில் சிகரெட் புகைச்சாற்றில் வளர்த்துப் பார்த்தபோது, ஒட்டிக்கொள்ள உதவும் மயிரிழை போன்ற புரதத்தை அது கூடுதலாக உருவாக்கியது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைக் கண்டு காட்டும் எதிர்ப்போ குறைந்தது. அதாவது இறுகப் பிடித்துக்கொள்ளவும் தெரிகிறது, சத்தமில்லாமல் இருக்கவும் தெரிகிறது.

உங்கள் நண்பருக்கு ரத்தம் வருவதால் அவர் சீக்கிரமே மருத்துவரிடம் போவார். நீங்கள் பல் ஆட ஆரம்பித்த பிறகு வருவீர்கள். தயவுசெய்து அதுவரை காத்திருக்காதீர்கள். ஈறு ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள்.

புகைப்பதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. இத்தனை வருடம் வராத ரத்தம் இப்போது பல் தேய்க்கும்போது வருகிறது. நிறுத்தியது தப்போ என்று பயமாக இருக்கிறது.

தப்பே இல்லை, திரும்பப் பற்றவைத்துவிடாதீர்கள். அமுக்கி வைத்திருந்த கூச்சல் இப்போது வெளியே கேட்கிறது, அவ்வளவுதான். நிறுத்திய சில நாட்களிலேயே ஈறின் ரத்த ஓட்டம் மீள ஆரம்பிக்கிறது. நிறுத்தி 4 முதல் 6 வாரங்களில் ஈறில் ரத்தக் கசிவு கூடுவதை ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் "நல்ல அறிகுறிதானே" என்று சும்மா இருந்துவிடவும் கூடாது. ரத்தம் வருகிறது என்றால் அங்கே பாக்டீரியா படலமும் காரையும் இருக்கின்றன. ஸ்கேலிங் (பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை மருத்துவர் சுரண்டி எடுப்பது) செய்துகொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, சிகிச்சைக்கு ஈறு நன்றாக ஒத்துழைக்கும். ரத்தம் வருகிறதே என்று பல் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நிறுத்திவிட்டால் பழைய பாக்டீரியா திரும்பி வருமா?

வரும். மேலே சொன்ன 2016 ஆய்வில், புகைப்பதை விட்டவர்களின் வாய் பாக்டீரியா, ஒருபோதும் புகைக்காதவர்களுடையதை ஒத்திருந்தது. கரைந்த எலும்பு மட்டும் தானாக வளராது. அதனால்தான் சீக்கிரம் நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிறோம்.

ஒவ்வொரு சிகரெட்டுக்குப் பிறகும் மவுத்வாஷ் போட்டுக் கொப்பளிக்கிறேன். போதும்தானே?

போதாது. பல்லில் மாவு போலப் படிந்த அழுக்கை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் நெளியும் உயிர்களைப் பற்றி நெதர்லாந்து நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வினிகரால் வாயைக் கழுவினால் மேலாக இருப்பவைதான் சாகின்றன, படலத்தின் உள்ளே அது இறங்குவதில்லை என்று அப்போதே கவனித்திருக்கிறார். இன்றைய மவுத்வாஷுக்கும் இது பொருந்தும். படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். நைசீரியா, ரோத்தியா போன்ற பாக்டீரியாக்கள் நாக்கில் வாழ்கின்றன. கீரை, பீட்ரூட் போன்றவற்றில் இருக்கும் நைட்ரேட்டை அவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அது உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்த உதவுகிறது. புகைப்பவர்களிடம் நைசீரியா ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் தினமும் குளோர்ஹெக்சிடின் போன்ற வீரியமான மவுத்வாஷால் கொப்பளித்தால் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாம் போகும். பல்லில் பழுப்புக் கறையும் படியும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

எவ்வளவு மின்ட் மென்றாலும் வாய் நாற்றம் போகவில்லை.

மின்ட் நாற்றத்தை மூடத்தான் செய்யும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியா புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்ற கந்தக வாயுக்களை விடுகிறது, புகை நெடி அதோடு சேர்கிறது. நாக்கின் பின்பகுதியை வழித்துச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஈறு பல்லைவிட்டு விலகி ஆழமான பை போல இடுக்கு உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சிகரெட்டை விட்டு வேப்புக்கு (மின்சிகரெட்டுக்கு) மாறிவிட்டேன். ஈறுக்கு இனி பயமில்லையே?

அப்படிச் சொல்ல முடியாது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஈறு ஆரோக்கியமாக இருந்த இளம் வேப் பயனாளர்களின் ஈறிடுக்கில் இருந்த பாக்டீரியாக் கூட்டம், ஈறு நோயாளிகளிடம் காணும் கூட்டத்தை ஒத்திருந்தது. திரவத்தில் நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிகரெட்டை விட்டதற்கு என் பாராட்டு. வேப்பையும் விடுவதற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

பல் மருத்துவரிடம் புகைப்பதைச் சொல்ல வேண்டுமா? திட்டுவார் என்று கூச்சமாக இருக்கிறது.

கட்டாயம் சொல்லுங்கள், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதையும் சேர்த்து. திட்டினால் அந்த மருத்துவர் மேல்தான் தப்பு. நீங்கள் புகைப்பது தெரிந்தால்தான், ரத்தம் வராத ஈறைப் பார்த்து நாங்கள் ஏமாறாமல், கம்பியை எடுத்து ஒவ்வொரு பல்லாக அளந்து பார்ப்போம்.